குலத்தின் குணமும் நீரின் குணமும்

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் புகையிரதப் பாதையில், தும்பறை மலைத்தொடரின் அடிவாரத்தே அமைந்த சிற்றூர் வத்தேகம. மேலே தேயிலை, கீழே மிளகுக்கொடியும் கராம்பும் பலாவும் செறிந்த வீட்டுத் தோட்டங்கள். எத்திசையிற் சென்றாலும் கடல் இங்கிருந்து தொலைவு. ஆயினும் மலைநாட்டு மக்கள் மீன் உண்ணாதவர் அல்லர். நெத்தலிக் கருவாடும் தகரத்தில் அடைத்த மீனும் தோட்டத்து லயங்களில் நெடுங்காலமாக இடம்பெற்ற உணவுகள். இவற்றோடு, எழுபது ஆண்டுகளுக்குச் சற்று முன்னர் இந்நாட்டை அடைந்த வேறொரு மீனும் வந்து சேர்ந்தது. அதுவே திலாப்பியா. வன்னியிலும் மட்டக்களப்பிலும் இதனை யப்பான் மீன் என்பர்; தமிழகத்தில் ஜிலேபிக் கெண்டை என்பர். யப்பானுக்கும் இதற்கும் தொடர்பில்லை, ஜிலேபிக்கும் இல்லை. இஃது ஆபிரிக்கக் கண்டத்து மீன்.

மலைநாட்டு மீன்கடை ஒன்றின் முன்னே நிற்கும் ஒரு தாயை நேயர்கள் மனக்கண்ணிற் காணலாம். "அக்கா, இது விக்டோரியா மீன்; விடியற்காலையில் வலையிலிருந்து எடுத்தது" என்கிறார் கடைக்காரர். அந்த அம்மையார் செவுளைத் திறந்து பார்க்கிறார், கண்ணைப் பார்க்கிறார், குறை ஒன்றும் இல்லை. எனினும், "மண்வாடை அடிக்குமே, தம்பி" என்று சொல்லிவிட்டுக் கடல்மீனின் பக்கம் திரும்புகிறார். அந்தக் கடல்மீன் பிடிபட்டு எத்தனை நாளாயிற்று என்று அவர் கேட்கவில்லை. பக்கத்து நீர்த்தேக்கத்தில் அன்று காலை பிடித்த மீன் குறைந்த விலைக்குக் கிடக்க, நெடுந்தொலைவு பனிக்கட்டியில் வந்த மீன் கூடிய விலைக்குப் போகிறது.

இந்த மண்வாடை மீனின் குலத்தோடு வந்ததா, அன்றி அது வாழ்ந்த நீரோடு வந்ததா? குலத்தோடு வந்ததாயின் நல்ல குலத்தைத் தேடவேண்டும்; அதற்குப் பல ஆண்டுகளும் பெரும் பொருளும் வேண்டும். நீரோடு வந்ததாயின் ஓரிரு வாரத்தில் தீர்வு காணலாம். இவ்விரண்டையும் பிரித்தறியாமல் புதிய இனங்களை நாடுவது, வயிற்றுவலிக்கு மூக்குக்கண்ணாடி வாங்குவதை ஒக்கும். வளர்ப்பு மீன்களின் பரம்பரையையும் சதையின் தரத்தையும் ஆராய்வோர் அரை நூற்றாண்டுக்கு மேலாகச் செய்துவரும் வேலையின் சாரம் இப்பிரித்தறிதலேயாகும்.

முதலில் மீன் வந்த வரலாற்றைச் சிறிது பார்ப்போம். மொசாம்பிக் திலாப்பியா 1952ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. பண்டை மன்னர் கட்டிய குளங்கள் இந்நாட்டில் ஏராளம். ஆனால் இந்நாட்டுக்கே உரிய நன்னீர் மீன்களிற் பெரும்பாலானவை ஆற்றிலும் ஓடையிலும் வாழப் பழகியவை. அகன்ற தேங்குநீரில் பெருகி வலை நிறைப்பவை அவற்றுட் சிலவே. திலாப்பியா அவ்வெற்றிடத்தை நிரப்பியது. தாய்மீன் தன் முட்டைகளை வாயினுள் வைத்து அடைகாக்கும். குஞ்சு பொரித்த பின்னரும் ஆபத்து நேரும்போது அவற்றை வாய்க்குள் ஏற்றுக்கொள்ளும். இத்தகைய தாய்மையுடைய மீன் பெருகாதிருப்பது எங்ஙனம்? ஆயினும் அதில் ஒரு குறையும் உண்டு. இடம் நெருங்கிய சிறு குளங்களில் உள்ளங்கையளவு வளருமுன்னரே முட்டையிடத் தொடங்கிவிடும். உண்ட உணவு சதையாகாமல் முட்டையாகும். குளம் நிறையக் குறுமீன்களே மிஞ்சும். 1975ஆம் ஆண்டில் நைல் திலாப்பியா வந்தது. இது விரைவாக வளர்வது; உடல் வெளிறியது; சந்தையில் மதிப்புக் கூடியது.

பின்னர் 1985ஆம் ஆண்டில் மகாவலியின் குறுக்கே விக்டோரியா அணை எழுந்தது. பழைய தெல்தெனிய நகரம் நீருள் மூழ்கியது. கடும் வறட்சியில் நீர்மட்டம் இறங்குங்கால் அதன் எச்சங்கள் இன்றும் தலைகாட்டும். வீடும் கடைத்தெருவும் இழந்தோரின் துயரம் தனியே சொல்லத்தக்கது. மீனைப் பொறுத்தவரை, வத்தேகமைக்கு அருகே மலைகளுக்கு இடையில் ஒரு சிறு கடல் தோன்றியது.

இனி மண்வாடையின் கதைக்கு வருவோம். இதன் காரணம் ஐயத்துக்கு இடமின்றி அறியப்பட்டது. நீரிலும் சேற்றிலும் வாழும் சில நீலப்பச்சை அல்காக்களும் சில மண் பற்றீரியாக்களும் ஜியோஸ்மின் என்னும் ஒரு பொருளை உண்டாக்குகின்றன; அதன் உறவினது போன்ற வேறொரு பொருளும் உண்டு. மீன் மூச்சுவிடும்போது இப்பொருள் செவுள் வழியே குருதியிற் கலந்து, உடலின் கொழுப்பிற் சென்று தங்குகிறது. மனித மூக்கு இதனை நம்பற்கரிய அளவு சிறிய செறிவிலும் கண்டுகொள்ளும். வியப்பு யாதெனில், கோடை மழையின் முதற்றுளி விழுந்தவுடன் தரையிலிருந்து எழும் மணமும் இதே ஜியோஸ்மினால் உண்டாவதே. புலவர் போற்றும் மண்வாசனையும் சமையலறையில் வசைபெறும் மண்வாடையும் ஒரே பொருள்.

ஆகவே இது நீரின் குணம். ஒரே தாயின் குஞ்சுகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைப் பச்சைபூத்த குளத்திலும் மறுபாதியைத் தெளிந்த ஓடைநீர்த் தொட்டியிலும் வளர்த்தால் ஒன்று வாடை வீசும்; மற்றது வீசாது. வாடை ஏறிய மீனைத் தீன் கொடாமல் தூய ஓடுநீரிற் சில நாட்கள் விட்டுவைத்தால், ஏறியது மெல்ல இறங்கிவிடும். தும்பறை மலையிலிருந்து இறங்கும் ஓடைகளை உடைய வத்தேகமப் பகுதிக்கு இஃது ஒரு பெருஞ்செல்வம் என்று கூறுதல் மிகையன்று. இரண்டு தடைகள் மாத்திரம் உண்டு. தீன் இல்லாத நாட்களில் மீனின் எடை சற்றுக் குறையும். எடைக்கு விற்பவர் அவ்விழப்பை விரும்பார். மலையுச்சியின் குளிர்நீரைத் திலாப்பியா தாங்காது. ஆதலின் தொட்டி தாழ்வான இடத்தில் இருத்தல் வேண்டும்.

பாட்டிமார் அறிந்த ஒரு வழியையும் இங்கே குறிப்பிடவேண்டும். மலைநாட்டில் மீன்குழம்புக்குக் கொறக்காய்ப் புளி இடுவர்; வேறிடங்களில் பழப்புளியோ தேசிக்காயோ சேர்ப்பர். ஜியோஸ்மின் புளிப்புக்கு ஆற்றாது சிதைந்து மணமற்ற வேறு பொருளாக மாறும் இயல்புடையது. இரசாயனம் கற்றவர் பரிசோதனைக் குழாயிற் கண்டதைச் சட்டி முன்னரே கண்டிருந்தது.

அப்படியாயின் குலத்துக்கு இதிற் பங்கே இல்லையா? சிறுபங்கு உண்டு. வாடை தங்குவது கொழுப்பில். எந்த மீன் கூடுதலாகக் கொழுப்பைச் சேமிக்கிறதோ அது வாடையையும் கூடுதல் நாள் வைத்திருக்கும். கொழுப்புச் சேமிக்கும் இயல்போ பெருமளவு பரம்பரையால் வருவது. நீரின் குணமும் குலத்தின் குணமும் இவ்வாறு ஒன்றனுள் ஒன்று புகுந்து கிடத்தலாலேதான் ஆராய்ச்சி தேவையாகிறது.

பரம்பரையை ஆள்வனவற்றை இலங்கைப் பாடநூல்கள் பரம்பரையலகு என்றும், தமிழக நூல்கள் மரபணு என்றும் வழங்கும். ஒரு குளத்திலுள்ள ஆயிரம் மீன்களிற் சில பெரியன, சில சிறியன. இவ்வேறுபாட்டில் எத்துணை பரம்பரையால் வந்தது, எத்துணை தீனாலும் இடத்தாலும் நற்பேற்றாலும் வந்தது என்று கணக்கிட ஒரு வழி உண்டு. உடன்பிறந்தவை தம்முள் எவ்வளவு ஒத்திருக்கின்றன, பிற குடும்பங்களினின்று எவ்வளவு வேறுபடுகின்றன என்று அளந்தால் விடை கிடைக்கும். வளர்ப்பு மீன்களின் உடலெடையில் காணும் வேறுபாட்டில் நூற்றுக்கு இருபது முதல் நாற்பது பங்கு வரை பரம்பரைக்கு உரியது என்பது பல நாடுகளிற் பலமுறை கண்ட முடிவு. எஞ்சியது பண்ணைக்காரர் கையில். குறைவான பங்குபோலத் தோன்றினும், தலைமுறைதோறும் தேர்ந்தெடுக்க இது போதுமானது. ஏனெனில் மாடு ஆண்டுக்கு ஒரு கன்று ஈனுகையில், மீன் நூற்றுக்கணக்கிலோ இலட்சக்கணக்கிலோ குஞ்சு தருகிறது. ஆயிரத்துள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு மாட்டுப் பண்ணையில் எவருக்கும் கிட்டாது.

இவ்வாய்ப்பை முதலில் முறையாகப் பயன்படுத்திய நாடு நோர்வே. அங்கே ஹாரால்ட் ஷெர்வோல்ட் என்பவரும் ட்ரிக்வே ஜேட்ரெம் என்பவரும் 1970களின் தொடக்கத்தில் நாற்பது அளவான ஆறுகளிலிருந்து சாமன் மீனின் முட்டைகளைத் திரட்டினர். தகரத்தில் வரும் கானாங்கெளுத்தியை இலங்கையிற் சமன் என்றே சொல்லிப் பழகிவிட்டனர். நோர்வேயின் சாமன் வேறு, சிவந்த சதையுடையது. இருவரும் ஆடுமாடுகளின் இனவிருத்தியிற் பயின்றவர்கள். கால்நடையில் வென்ற கணக்கு மீனிலும் வெல்லும் என்று அவர்கள் கருதினர். கருதியவாறே நடந்தது. முதலில் வளர்ச்சியை மாத்திரம் நோக்கினர். பின்னர் இளமையிலேயே முட்டைக்கு வருவதைத் தவிர்த்தலையும், நோய் தாங்கும் வலிமையையும், இறுதியிற் சதையின் நிறத்தையும் கொழுப்பையும் சேர்த்துக்கொண்டனர்.

சதையின் தரம் என்று வந்தபோது அவர்களை ஒரு முட்டுக்கட்டை எதிர்கொண்டது. மீனின் எடையை உயிருடன் அறியலாம். தராசிலிட்டு மீண்டும் நீரில் விடலாம். அதன் சதையில் எவ்வளவு கொழுப்பு, எத்தகைய நிறம், எவ்வளவு உறுதி என்று அறிய அதனை அறுத்தாக வேண்டும். அறுத்த மீன் எவ்வளவு சிறந்ததாயினும் அதற்கு மேல் தந்தையாகாது, தாயாகாது. சிறந்ததென்று கண்ட கணத்திலேயே அது பயனற்றுப் போகிறது!

இச்சிக்கலுக்கு அவர்கள் கண்ட வழி எளியது. ஆயின் உழைப்பு மிகுந்தது. ஒவ்வொரு குடும்பத்தின் குஞ்சுகளையும் தனித்தனித் தொட்டியில் வளர்த்து, அடையாளம் இட்டபின் ஒன்றாகக் கலந்துவிட்டனர். அறுவடைக் காலத்தில் ஒவ்வொரு குடும்பத்திலும் சில உடன்பிறப்புகளை அறுத்து அளந்தனர். எந்தக் குடும்பத்தின் சதை சிறந்ததோ, அக்குடும்பத்தில் உயிரோடு எஞ்சியவற்றைப் பெற்றோராக்கினர். பெண் பார்க்கச் சென்ற வீட்டிலே மணமகளின் அக்காளைப் பார்த்துத் தங்கையின் குணத்தை ஊகிக்கும் வழக்கம் தமிழருக்குப் புதிதன்று. ஊகம் சிலவேளை பிழைக்கும், இங்கும் பிழைத்தது. ஒரே குடும்பத்துள் மூத்தது ஒருவிதம், இளையது ஒருவிதம் அல்லவா? இக்குறை நீங்க நெடுங்காலம் சென்றது. நிறமூர்த்தங்கள் எங்கணும் பரந்துள்ள ஆயிரக்கணக்கான அடையாளங்களை ஒருசேர வாசித்து, ஒவ்வொரு விலங்கின் பரம்பரை மதிப்பையும் தனித்தனியே கணிக்கும் முறை 2001ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. இன்று சிறகின் ஓரத்தில் ஒரு துணுக்கை வெட்டியெடுத்து, மீனைக் கொல்லாமலே அதன் சதையைப் பற்றி முன்னறிவிப்புச் செய்ய முடிகிறது. ஆயினும் அம்முன்னறிவிப்புக்கும் அறுத்து அளந்த உறவு மீன்களின் கணக்கே அடிப்படை. கணக்கேடு இல்லாத இடத்தில் இவ்வித்தையும் இல்லை.

நோர்வேயின் சாமனுக்கு நிறம் தருவது அதன் தீனிற் கலந்த அஸ்டசந்தின் என்னும் நிறப்பொருள். இங்கும் இரட்டைக் குணமே. நிறம் தீனால் வருவது. அந்நிறத்தைச் சதையிற் பிடித்துவைக்கும் திறனோ குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடுவது. முட்டைப் பருவம் நெருங்கினால் சதையிலுள்ள நிறமும் கொழுப்பும் முட்டைக்குப் பெயர்ந்துவிடும்; சதை வெளிறி நீர்த்துப்போகும். ஆதலின் சாமனின் உறவான ட்ரவுட் மீனில், முட்டை கருவுற்றவுடன் வெப்பத்தாலோ அழுத்தத்தாலோ அதிரச்செய்து, இரண்டு தொகுதிக்குப் பதில் மூன்று தொகுதி நிறமூர்த்தங்கள் அமையுமாறு செய்வர். அவ்வாறு பிறந்தவை முட்டைக்கு வருவதில்லை, சதை கெடுவதுமில்லை. வெள்ளையர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் தூண்டில் விளையாட்டுக்காக நுவரெலியா மலைகளிற் கொண்டுவந்து விட்டவையும் இந்த ட்ரவுட் மீன்களே.

நோர்வேயின் கணக்கு வெப்ப நாடுகளுக்கு வந்தது 1988ஆம் ஆண்டில். பிலிப்பைன்சிலே, எகிப்து, கானா, கென்யா, செனகல் ஆகிய நான்கு ஆபிரிக்க நாடுகளின் காட்டுக் குலங்களையும், ஆசியப் பண்ணைகளில் அப்போது வளர்ந்த நான்கு குலங்களையும் சேர்த்து, நைல் திலாப்பியாவின் புதிய வம்சம் ஒன்றை உருவாக்கத் தொடங்கினர். கிஃப்ட் என்னும் பெயரால் இன்று உலகறிந்த திலாப்பியா இதுவே. ஒவ்வொரு தலைமுறையிலும் வளர்ச்சி நூற்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினேழு வரை கூடியது. ஐந்து தலைமுறையில் தொடக்க வம்சத்தைவிட நூற்றுக்கு எண்பத்தைந்து அளவு கூடுதலாயிற்று. இதற்கு மந்திரமோ அந்நியப் பரம்பரையலகின் கலப்போ காரணமன்று. தேர்வும் பதிவேடும் பொறுமையுமே காரணம். ஆயினும் சதையைப் பற்றி இங்கே ஒரு பாடம் கிடைத்தது. மீன் பெரிதானால் சதையின் எடை கூடுகிறது. ஆனால் முழுமீனின் எடையில் நூற்றுக்கு எத்தனை பங்கு சதை என்னும் விகிதம் எளிதிற் கூடுவதில்லை. திலாப்பியாவைத் தோலும் முள்ளும் நீக்கித் துண்டாக்கினால் மூன்றில் ஒரு பங்களவே கையில் மிஞ்சும். வளர்ச்சிக்காகத் தேர்ந்தவர் வளர்ச்சியையே பெறுவர். சதை விகிதம் வேண்டுமெனில் அதற்கெனத் தனியே தேரல் வேண்டும்.

இலங்கையின் நீர்த்தேக்கங்களில் இருப்பது எந்த வம்சம்? கேட்பதற்கு எளிய வினா, விடையோ சிக்கலானது. மொசாம்பிக் திலாப்பியாவும் நைல் திலாப்பியாவும் ஒரே நீரில் விடப்பட்டால் தம்முட் கலந்து இனம் பெருக்கும். தென்னிலங்கை நீர்த்தேக்கங்கள் சிலவற்றில் இவ்வாறு கலப்பு நிகழ்ந்திருப்பதைப் பேராசிரியர் சேனா டி சில்வாவும் உடன் ஆய்ந்தவரும் புரதங்களின் பகுப்பாய்வு வாயிலாக 1989ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினர். வெளித்தோற்றத்தால் நைல் என்று கொள்ளப்படும் மீனில் மொசாம்பிக்கின் இயல்பு கரந்திருக்கலாம். விரைந்த வளர்ச்சியை நம்பி அத்தகைய மீனிலிருந்து குஞ்சு எடுப்பவர் சில தலைமுறைக்குள் முன்பு சொன்ன குறுமீன்களைக் காண நேரிடும். விதை நெல்லிற் களைநெல் கலந்தாற்போன்ற நிலை அது.

திலாப்பியா தானே பெருகும். இந்தியக் கெண்டைகளாகிய ரோகு, கட்லா, மிரிகால் ஆகியவற்றின் செய்தி வேறு. அவை வெள்ளம் புரளும் ஆற்றிலன்றித் தேங்குநீரில் முட்டையிடா. 1957ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள், ஒரிசாவிலுள்ள அங்குல் என்னுமிடத்தில் ஹிராலால் சௌதுரி என்னும் அறிஞர், மீனின் கபச்சுரப்பிச் சாற்றை ஊசிமூலம் ஏற்றி இக்கெண்டைகளை முட்டையிடச் செய்தார். குளத்து மீன்வளர்ப்பின் வரலாற்றையே அந்நாள் மாற்றியது. இன்று இலங்கையின் நீர்த்தேக்கங்களில் விடப்படும் கெண்டைக் குஞ்சுகளும் இந்த ஊசிவழியே பொரிப்பகங்களில் பிறந்தவைதாம்.

ஆனால் அந்த ஊசி ஒரு மறைமுக ஆபத்தையும் கொணர்ந்தது. ஒரு கிலோ எடையுள்ள ரோகுத் தாய் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட முட்டைகளை இடும். நான்கைந்து தாய்மீன் இருந்தாற் பொரிப்பகத்தின் ஆண்டுத் தேவை தீர்ந்துவிடும். மிகுதியை வைத்து உணவிடுவானேன் என்று பொறுப்பாளருக்குத் தோன்றுவது இயல்பே. அக்குஞ்சுகளிலிருந்தே அடுத்த ஆண்டின் பெற்றோரையும் எடுப்பர். அண்ணனும் தங்கையும் இணையத் தொடங்குகின்றன. கர்நாடகத்துப் பொரிப்பகங்களில் இவ்வாறு இரத்த உறவுக்குள் இனம் பெருகி வருவதை அம்பேகர் ஏக்நாத், ரோஜர் டோயில் ஆகிய இருவர் 1990ஆம் ஆண்டில் கணக்கிட்டுக் காட்டினர். இந்த ஏக்நாத்தே பின்னர் கிஃப்ட் ஆராய்ச்சியிலும் முன்னின்றார். உறவுக்குள் பெருகும் குலத்தில் வளர்ச்சி குன்றும், குஞ்சுகள் மடியும், முதுகு வளைந்தவை தோன்றும். தண்ணீரைக் குறைகூறிக்கொண்டிருக்கும் பண்ணைக்காரருக்கு, குறை தாம் வாங்கிய விதையில் என்பது தெரியவருவதில்லை. மண்வாடையில் நீரின் குற்றம் குலத்தின்மேல் விழுந்தது. இங்கே குலத்தின் குற்றம் நீரின்மேல் விழுகிறது.

இதற்கு மறுதலையான முயற்சி புவனேசுவரத்துக்கு அருகே கௌசல்யகங்கையில் நடந்தது. அங்குள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தார் நோர்வே அறிஞருடன் சேர்ந்து 1992ஆம் ஆண்டளவில் கங்கை, யமுனை, கோமதி, பிரமபுத்திரா, சட்லெஜ் ஆகிய ஐந்து ஆறுகளின் ரோகுவையும் உள்ளூர்ப் பண்ணை ரோகுவையும் ஒன்றுசேர்த்தனர். ஒவ்வொரு மீனின் உடலிலும் அரிசிமணியையொத்த ஒரு மின்னணு அடையாளத்தைச் செருகி, தாய் தந்தை யார் என்று ஏட்டிற் பதிந்தனர். தலைமுறை ஒன்றுக்கு நூற்றுக்குப் பதினேழு அளவில் வளர்ச்சி கூடியது. இந்தியா விடுதலைபெற்ற ஐம்பதாம் ஆண்டாகிய 1997இல் அதற்கு ஜயந்தி ரோகு என்று பெயரிட்டனர்.

ரோகுவின் சதை சுவையானதே. அதனை மக்கள் ஒதுக்குவதற்குக் காரணம் முள். தசைகளுக்கு இடையே இரண்டாகக் கிளைத்த நுண்முட்கள் கெண்டையினத்துக்கு உரியவை. திலாப்பியாவுக்கு அத்தொல்லை இல்லை. குழந்தையின் தட்டில் எந்த மீனை வைப்பது என்பதைப் பல வீடுகளில் முடிவுசெய்வது இம்முள்ளே. சீன அறிஞர் இம்முட்களின் வளர்ச்சிக்கு வேண்டிய ஒரு பரம்பரையலகைத் திருத்திச் செயலிழக்கச் செய்து, அவை இல்லாத கெண்டைகளை ஆய்வுகூடத்தில் உண்டாக்கியுள்ளனர். யப்பானில் தசை வளர்ச்சிக்குக் கடிவாளமிடும் பரம்பரையலகைத் திருத்திச் சதைப்பற்று மிகுந்த கடல்மீன் ஒன்றை 2021ஆம் ஆண்டில் விற்பனைக்கே விட்டனர். இவை நாளைக்கு எவ்வளவு தூரம் செல்லும் என்பது இருக்கட்டும். நல்ல குலத்தைப் பேணும் பதிவேடே இல்லாத பொரிப்பகத்துக்கு இத்திருத்தத்தால் விளையும் பயன் சிறிதே.

பதிவேட்டுக்கு வேண்டுவது தொடர்ச்சி. இலங்கையில் அத்தொடர்ச்சிக்கு ஓர் இடையூறு நேர்ந்தது. 1990ஆம் ஆண்டில் உள்நாட்டு மீன்பிடிக்கு அளித்துவந்த ஆதரவை அரசு நிறுத்தியது; 1994ஆம் ஆண்டிலேயே அது மீண்டும் வழங்கப்பட்டது. உயிர்க்கொலை பற்றிய சமய உணர்வு அம்முடிவுக்குப் பின்னே நின்றது. அவ்வுணர்வை இகழ்தல் முறையன்று. ஆயினும் மீன்குலத்தின் கணக்கிலே நான்காண்டு என்பது பல தலைமுறை. 1998ஆம் ஆண்டின் சட்டத்தால் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை அமைக்கப்பட்டபின், உடவளவை, தம்புள்ளை, இங்கினியாகலை முதலிய இடங்களின் நிலையங்கள் வாயிலாகக் குஞ்சு உற்பத்தி நிலைபெற்றது. உற்பத்தியை எண்ணிக்கையால் மாத்திரம் மதிப்பிடும் வழக்கம் எங்கும் உள்ளது. இத்தனை இலட்சம் குஞ்சு விடப்பட்டது என்பது செய்தியாகும். இத்தனை குடும்பங்களிலிருந்து விடப்பட்டது என்பது செய்தியாவதில்லை. இரண்டாவதே பெரிய செய்தி.

குலமும் நீரும் நன்றாயமைந்த பின்னரும் சதையைக் கெடுக்கவல்லது ஒன்று எஞ்சியுள்ளது. அது மீன் இறக்கும் விதம். மாலையிற் கட்டிய செவுள்வலையில் முன்னிரவில் மாட்டிய மீன் விடியும்வரை திமிறுகிறது. தசையிற் சேமித்திருந்த கிளைக்கோசன் முழுதும் அத்திமிறலிலே செலவாகிவிடும். அத்தகைய மீன் இறந்தவுடன் விரைவில் விறைத்து, விரைவிலேயே தளர்ந்துவிடும். குழம்பிற் கொதிக்கும்போது உதிரும். வலையை அடிக்கடி பார்த்து மீனை எடுத்து, உடனே பனிக்கட்டியில் இடுபவரின் மீன் உறுதியாயிருக்கும். ஒரே வம்சம், ஒரே நீர். ஆயினும் இரண்டு தரம். "விடியற்காலையில் எடுத்தது" என்று கடைக்காரர் சொன்னது உண்மை. எப்போது மாட்டியது என்பதை மீனே அறியும்.

நோர்வேயில் சாமனின் சதைநிறத்துக்கு விலை உண்டு. ஆதலின் அங்கே நிறத்துக்காகக் குலம் தேர்ந்தனர். மலைநாட்டுச் சந்தையிலோ எல்லா மீனும் தலையோடும் வாலோடும் தராசில் ஏறுகின்றன. தலையும் குழம்புக்கே போவதால், சதை விகிதம் நூற்றுக்கு முப்பதா முப்பத்தைந்தா என்ற ஆராய்ச்சியால் இங்குள்ள சமையலறைக்கு ஆவது ஒன்றுமில்லை. இங்கே தரம் என்பது வாடையின்மை, கொதியில் உதிராமை, குழந்தைக்கு முள்ளற்ற துண்டு, ஒரு குடும்பத்துக்கு ஒரு வேளைக்குப் போதுமான பருமன். முன்னைய இரண்டும் நீராலும் கைப்பக்குவத்தாலும் வருவன. பின்னைய இரண்டும் குலத்தால் வருவன. தொட்டியில் ஒரு வாரம் தூயநீரில் இருந்த மீனுக்குக் கிலோவுக்குச் சில ரூபாய் கூடுதலாகத் தர அந்த அம்மையார் இணங்குவாராயின், தொட்டி கட்ட ஒருவர் முன்வருவார். அவர் இணங்குவதற்கு, முதலில் ஒரு தடவையாவது அத்தகைய மீன் அவரது சட்டிக்குப் போயிருக்கவேண்டும்.